பெங்களூரில் உலக அழகி வந்தபோது மதுரையில் ஒருவர் செத்துப்போனார்

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை. ஆபீஸ்ல ஆணி புடுங்கிட்டு அலுப்பா வீட்டுக்கு வந்தா, டைனிங் டேபிள் மேல ஒரு விண்ணப்பப் படிவம். எங்க ஏரியா இந்திய சங்கம் நடத்துற தீபாவளி விழாவில் 'அழகிப் போட்டி'யாம். என் பொண்ணுக்கு 17 வயசு. 18 ஆகாததால் பெற்றோர் கையெழுத்து வேணுமாம்.

தங்கமணி "ஆசைப்படறா, போடுங்களேன்" என்றாள். நான் "அதெல்லாம் வேண்டாம்" என்றேன். பொண்ணு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "ஏன்பா?"

பதில் வரவில்லை மக்களே. "நம்ம கலாச்சாரம்" என்று ஆரம்பித்தேன், எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அது பெண்களை இழிவுபடுத்துறது" என்றேன். "அப்ப நீங்க மட்டும் டிவில பாத்திருக்கீங்களே" என்றாள். பாத்திருக்கேன்தான். அந்தக் கதையைச் சொல்லத்தான் கொசுவர்த்தி சுத்துறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

வருடம் 1996. ஊர் பெங்களூர் (பெங்களூரு என்று பெயர் மாறியது 2014 நவம்பரில்தான், அதனால பழைய பெயரிலேயே எழுதறேன்). எனக்கு 24 வயசு. மதுரையிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, அல்சூரில் ஒரு மாடி ரூமில் நாலு பேர். கீழே ஒரு தமிழ் மெஸ். அந்த வருஷம் மார்ச் 9-ம் தேதி சின்னசாமி ஸ்டேடியத்தில் இந்தியா-பாகிஸ்தான் உலகக் கோப்பை காலிறுதி. வக்கார் யூனிஸை ஜடேஜா வெளுத்த அன்று ஊரே கூத்தாடியது. அதே மைதானத்தில்தான் நவம்பர் 23-ம் தேதி உலக அழகிப் போட்டி என்று அறிவிப்பு வந்தது.

ஏன் இந்தியா, ஏன் பெங்களூர்? கொஞ்சம் பின்னால் போகணும். 1966-ல் ரீட்டா ஃபாரியா என்ற மருத்துவ மாணவி உலக அழகி ஆனார். ஆசியாவிலிருந்து முதல் ஆள். பட்டம் முடிந்ததும் சினிமா பக்கம் போகாமல் படிப்பை முடித்து டாக்டராகவே இருந்துவிட்டார். அப்புறம் 28 வருஷம் ஒன்றுமில்லை. 1991-ல் பொருளாதாரக் கதவு திறந்தது. 1994 மே மாதம் சுஷ்மிதா சென் பிரபஞ்ச அழகி, நவம்பரில் ஐஸ்வர்யா ராய் உலக அழகி. ஒரே வருஷத்தில் ரெண்டு கிரீடம். நம் ஊர்ப் பெண்கள் திடீரென்று அழகாகிவிட்டார்களா என்ன? வெளிநாட்டு அழகுசாதனக் கம்பெனிகளுக்கு நம் ஊர்ச் சந்தை கண்ணில் பட்ட நேரமும் அதுதான் என்று அப்போதே பலர் எழுதினார்கள். (நம்ம கோலிவுட் சும்மா இருக்குமா? ஐஸ்வர்யாவின் முதல் படம் 1997-ல் 'இருவர்', பிரியங்கா சோப்ராவின் முதல் படம் 2002-ல் 'தமிழன்'. உலக அழகிகள் இறங்கும் முதல் ஸ்டேஷன் கோடம்பாக்கம்!)

இந்தச் சூட்டில்தான் அமிதாப் பச்சனின் ஏ.பி.சி.எல். நிறுவனம் போட்டியை இந்தியாவில் நடத்தும் உரிமையை வாங்கியது. தேவ கவுடா பிரதமராகி டெல்லிக்குப் போக, கர்நாடகத்தில் ஜே.எச். படேல் முதல்வராகி சில மாதங்களே ஆகியிருந்தன. 'உலகம் பெங்களூரைப் பார்க்கும்' என்ற கணக்கு. கம்ப்யூட்டர் கம்பெனிகள் வரிசையாக வந்துகொண்டிருந்த ஊர், பிரிகேட் ரோடு, பப், பூங்கா. அரசு முழு ஆதரவு கொடுத்தது.

எதிர்ப்பு வந்தது. இங்கே ஒரு விஷயம் சொல்லணும். அந்த எதிர்ப்பை இன்றைக்கு எல்லாரும் ஒரே மூட்டையாகக் கட்டி 'கலாச்சாரக் காவலர்கள்' என்று சொல்லிவிடுகிறார்கள். உண்மையில் அது மூன்று மூட்டை.

முதலாவது, இந்தியப் பெண்மை கெட்டுவிடும் என்றவர்கள். பா.ஜ.க. எதிர்த்தது. 'மகிளா ஜாகரண்' என்ற அமைப்பு, அரங்குக்குள் புகுந்து தீக்குளிப்போம் என்றே அறிவித்தது.

இரண்டாவது, விவசாயிகள். பேராசிரியர் நஞ்சுண்டசாமியின் கர்நாடக ராஜ்ய ரைத்த சங்கம். 1992-ல் பெங்களூரில் கார்கில் விதைக் கம்பெனி அலுவலகத்தைச் சூறையாடியவர்கள். 1996 ஜனவரியில் கே.எஃப்.சி. கடையை நொறுக்கியவர்கள். இவர்களுக்குப் பெண்ணின் உடை பிரச்சினை இல்லை. விதை, கோழி, லிப்ஸ்டிக் எல்லாமே ஒரே பன்னாட்டுக் கம்பெனிக் கதை என்பது இவர்கள் வாதம்.

மூன்றாவது, இடதுசாரி மாதர் அமைப்புகளும் பெண்ணியவாதிகளும். பெண்ணின் உடம்பைச் சந்தைப் பொருளாக்காதே என்றார்கள். முதல் கூட்டத்தோடு சேர்த்துத் தங்களைப் பார்க்கக்கூடாது என்று அவர்கள் தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். யார் கேட்டார்கள்?

வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. தடை கிடைக்கவில்லை. ஆனால் நீச்சலுடைச் சுற்றை மட்டும் இந்தியாவில் வைக்காமல் செஷல்ஸ் தீவுக்குக் கொண்டுபோய் எடுத்தார்கள். நம் பண்பாட்டை அப்படிக் கடல் கடத்திக் காப்பாற்றினார்கள்!

நவம்பர் பிறந்ததும் ஊர் மாறிப்போனது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட காவலர்கள். எம்.ஜி. ரோடு பக்கம் போனால் தடுப்புக் கட்டைகள். எங்கள் ரூமில் இதெல்லாம் ஒரு ஜோக். எந்த நாட்டு அழகி எங்கே சாப்பிட்டாள் என்பதுதான் எங்கள் கவலை.

நவம்பர் 15 என்று நினைவு. டீக்கடையில் தமிழ்ப் பேப்பரை விரித்தால், மதுரை. எங்க மதுரை. முந்தின நாள், 14-ம் தேதி, ஒரு தையல்காரர் பெங்களூர் அழகிப் போட்டியை எதிர்த்துக் கோஷம் போட்டுக்கொண்டே தீக்குளித்து இறந்துவிட்டார். இடதுசாரி இளைஞர் அமைப்பில் இருந்தவர். வயது 24.

எனக்கும் 24.

அவர் பெயர் அன்றைய பேப்பர்களில் உண்டு. இங்கே எழுதவில்லை. அந்த வீட்டில் இன்னும் யாராவது இருப்பார்கள். நடந்ததைப் போற்றவும் நான் இதை எழுதவில்லை. அந்தச் சாவால் ஒரு நாற்காலிகூட நகரவில்லை, நிகழ்ச்சி குறித்த நாளில் நடந்தது. எனக்கு உறுத்தியது வேறு. பெங்களூருக்கும் மதுரைக்கும் நானூறு கிலோமீட்டருக்கு மேல். அந்த ஸ்டேடியத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருந்த நான் யார் அழகி என்று பந்தயம் கட்டிக்கொண்டிருந்தேன். அத்தனை தூரத்தில், மிஷினை மிதித்துப் பெண்களுக்கு ஜாக்கெட்டோ பாவாடையோ தைத்துக்கொண்டிருந்திருக்கக்கூடிய ஒருவருக்கு இது உயிர்ப் பிரச்சினை ஆகியிருக்கிறது.

அன்று ராத்திரி எஸ்.டி.டி. பூத்திலிருந்து வீட்டுக்குப் பேசினேன். அம்மாவிடம் அழகிப் போட்டி சரியா தப்பா என்றெல்லாம் பேச்சே இல்லை. "அந்தப் புள்ளையப் பெத்தவளுக்கு யாருடா பதில் சொல்லுவா? நீ அந்தப் பக்கம் போகாத" என்றுவிட்டு வைத்துவிட்டாள்.

23-ம் தேதி வந்தது. டிக்கெட் வாங்க வக்கில்லை. மெஸ் வீட்டு டிவியில் தூர்தர்ஷன். 88 நாட்டு அழகிகள். வெளியே நூற்றுக்கணக்கானோர் கைது. உள்ளே வாணவேடிக்கை. பெங்களூர்ப் பெண்ணான ராணி ஜெயராஜ் கடைசி ஐந்துக்குள் வந்ததும் மெஸ்ஸே எழுந்து கத்தியது. கிரீடம் கிரீஸ் நாட்டு ஐரின் ஸ்கிலிவாவுக்குப் போனது.

நாங்கள் நாலு பேரும் லுங்கி பனியனோடு உட்கார்ந்து ஒவ்வொருத்திக்கும் மார்க் போட்டுக்கொண்டிருந்தோம். மெஸ் அக்கா சாம்பார் வாளியோடு நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். "ஏன் தம்பி, இதுக்குப் போயா இவ்ளோ ரகளை? என்னைய எட்டு வீட்டுக்காரங்க இப்படித்தான் பாத்தாங்க. நட, உக்காரு, பாடு, முடி சொந்த முடியான்னாங்க. அங்க கிரீடமாவது குடுக்குறாங்க. எங்க வீட்ல பஜ்ஜி சொஜ்ஜி செலவு எங்கப்பாவுக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மூன்று தரப்பும் மாசக்கணக்கில் பேசியதில் இந்த நாலாவது தரப்பை நான் கேட்டதில்லை.

சரி, மேட்டருக்கு வருவோம். அதற்கப்புறம் என்ன ஆச்சு? ஏ.பி.சி.எல்.லுக்குப் பெரும் நஷ்டம். நிறுவனமே நலிந்து, பச்சன் 2000-ல் 'கோன் பனேகா குரோர்பதி' வந்த பிறகுதான் மூச்சு விட்டார். உலக அழகிப் போட்டி மறுபடி இந்தியாவுக்கு வர 28 வருஷம் ஆனது, 2024 மார்ச்சில் மும்பை. அடுத்தது 2025 மே மாதம் ஹைதராபாத். தாய்லாந்தின் ஓப்பல் சுச்சாட்டா வென்றார். ஆனால் நினைவில் நின்றது வேறு: ராமப்பா கோயிலில் போட்டியாளர்கள் கால் கழுவ, உள்ளூர்ப் பெண்கள் தண்ணீர் ஊற்றித் துடைத்துவிட்ட காட்சி. ஊரே கொதித்தது. இங்கிலாந்து அழகி பாதியில் விலகிப் போய்க் குற்றச்சாட்டு வைத்தார், அமைப்பாளர்கள் மறுத்தார்கள். தீக்குளிப்பு மிரட்டல் இல்லை, ஸ்டேடியத்தைச் சுற்றிப் பட்டாளம் இல்லை. கேள்விகள் மட்டும் அப்படியே.

இது நம் ஊர் வியாதி மட்டும் என்று நினைக்காதீர்கள். 1970-ல் லண்டன் ஆல்பர்ட் ஹாலில் உலக அழகிப் போட்டி நடக்கும்போது பெண்கள் மாவுப் பொட்டலம் வீசி, பாப் ஹோப்பை மேடையை விட்டு ஓடவைத்தார்கள். அதே ராத்திரியில்தான் கிரெனடாவின் ஜெனிஃபர் ஹோஸ்டன் முதல் கறுப்பின உலக அழகி ஆனார். கீழே இருந்த பெண்களுக்கு அந்த மேடை சிறை, மேலே இருந்த பெண்ணுக்கு அது கதவு. யார் சொன்னது தப்பு? 2002-ல் நைஜீரியாவில் போட்டியை ஒட்டி வெடித்த கலவரத்தில் இருநூறுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள், போட்டியை லண்டனுக்கு மாற்றினார்கள். நீச்சலுடைச் சுற்றையோ 2014-ல் அவர்களே கைவிடுவதாக அறிவித்துவிட்டார்கள்.

நான் இருக்கும் நியூ ஜெர்சியில் அட்லாண்டிக் சிட்டி இருக்கிறது. 1968-ல் அங்கே மிஸ் அமெரிக்கா போட்டிக்கு வெளியே பெண்கள் ஹை ஹீல்ஸையும் உள்ளாடையையும் குப்பைத்தொட்டியில் போட்டார்கள். (எரித்தார்கள் என்பது கட்டுக்கதை.) அதே ஊரில் 2013 செப்டம்பரில் தெலுங்குக் குடும்பத்துப் பெண் நீனா தவுலுரி மிஸ் அமெரிக்கா ஆனார். அன்றிரவே 'அரபி', 'தீவிரவாதி' என்று ட்விட்டரில் வசவு. நம்மவர்களுக்குக் கோபம் வந்தது, எனக்கும்தான். ஆனால் இந்தியாவில் வேறொன்று பேசினார்கள்: இந்த நிறத்தில் ஒரு பெண் இங்கே மிஸ் இந்தியா ஆகியிருப்பாளா? அதற்கு நம் பக்கம் யாரிடமும் நேரான பதில் இல்லை.

இங்கேதான் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

1999-ல் எனக்குப் பெண் பார்த்தார்கள். திருமங்கலம் பக்கம் ஒரு வீடு. பஜ்ஜி, சொஜ்ஜி, எல்லாம். நல்லாப் படித்த பெண், என்னிடம் நேராகப் பார்த்துப் பேசினாள். வீட்டுக்கு வந்ததும் "நிறம் கொஞ்சம் கம்மி" என்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்குப் பிடித்திருந்தது, ஆனாலும் திறக்கவில்லை. மெஸ் அக்கா சொன்னதை மூணு வருஷம் முன்னாடிதான் கேட்டிருந்தேன். அந்தப் பெண் வீட்டுக்கு 'ஜாதகம் ஒத்து வரலை' என்று சொல்லி அனுப்பினோம். தங்கமணிக்கு இது தெரியும், கல்யாணமான புதுசிலேயே சொல்லிவிட்டேன்.

என் பொண்ணு என் நிறம். நல்ல மதுரை நிறம்.

ரெண்டு நாள் கழித்து அவளை உட்காரவைத்து இதையெல்லாம் சொன்னேன். பெங்களூர், தையல்காரர், லண்டன் மாவு, மெஸ் அக்கா. கடைசியில் திருமங்கலமும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவங்க பேரு என்னப்பா?" என்றாள்.

"யாரு, அந்தத் தையல்காரரா?"

"இல்ல, நீங்க வேணாம்னு சொன்ன அவங்க."

பேரு தெரியும். சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "எனக்குக் கிரீடமெல்லாம் பெரிசில்லப்பா. எங்க சங்கத்துல வருஷா வருஷம் ஒரே மாதிரி நிறத்துலதான் ஜெயிக்கிறாங்க. நான் ஒரு தடவை அந்த மேடையில நடக்கணும், அவ்ளோதான்" என்றாள்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். சரியா தப்பா என்று இன்னும் தெரியவில்லை. அழகிப் போட்டி பற்றி என் அபிப்பிராயம் மாறவில்லை, அது சந்தைதான். ஆனால் அவளை 'வேண்டாம்' என்று நிறுத்த, பெண் பார்க்கப் போய் மார்க் போட்டுவிட்டு வந்த எனக்கு என்ன தகுதி என்று தெரியவில்லை.

உங்க வீட்டிலும் இந்தப் படிவம் வந்திருக்கும். என்ன சொன்னீங்க? அப்பாக்களும் எழுதுங்க, முக்கியமா அம்மாக்களும்.

பி.கு: விழா அடுத்த மாசம். நாலு பேர் கூட வந்து கத்தினால் நல்லது. மார்க் போடாமல்.