சுற்றுலாப் பேருந்தில் ஏறுமுன்...



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகளுக்குச் சுற்றுலா ஞாபகம்தான். போர்ட்டிக்சன் கடற்கரையைப் பார்த்துச் சலித்தவர்கள், "புத்ராஜெயா போகலாம், டீச்சர்" என்பார்கள். நீலாயைத் தாண்டினால் கொஞ்ச தூரம். ஏரியில் படகு, பெரிய பெரிய பாலங்கள், ரோஜா நிறப் பள்ளிவாசல். அவசியம் போய் வாருங்கள். ஆனால் அந்த மண்ணின் பழைய கதையைத் தெரிந்துகொண்டு போங்கள். அது நம் ஜனங்களின் கதை.

அந்த இடத்தின் பழைய பெயர் பிராங் புசார் தோட்டம். மலாய் மொழியில் 'பெரும் போர்' என்று பொருள். 1914 முதல் 1918 வரை நடந்த உலகப் போரிலிருந்து திரும்பிய பிரிட்டிஷ் இராணுவ அதிகாரிகள் 1921-இல் திறந்த தோட்டம் அது. துரைமார் கணக்குப் பார்த்தார்கள். நம்மவர்கள் விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நிரை பிடித்துப் பால் வெட்டினார்கள். அங்கே உருவான ஒட்டுக்கன்று வகைகள் கேரளம், இலங்கை வரை போய் வேரூன்றின. 'பி.பி. 86' என்று புகழ்பெற்ற ரப்பர் வகையின் முதல் இரண்டெழுத்தும் பிராங் புசாரைத்தான் குறிக்கும்.

1995-இல் அங்கே புதிய நிர்வாகத் தலைநகர் கட்டும் வேலை தொடங்கியது. 1999-இல் பிரதமர் அலுவலகம் அங்கு குடிபோயிற்று. 2001 பிப்ரவரி 1-ஆம் நாள் அது கூட்டரசுப் பிரதேசம் ஆயிற்று.

நீங்கள் படகு விடும் ஏரியும் மனிதர் அமைத்ததுதான். சுவாவ் ஆற்றை மறித்துக் கட்டினார்கள். ஏரிக்கு மேற்புறம் ஏறக்குறைய 200 ஹெக்டேரில் சதுப்பு நிலமும் உண்டாக்கினார்கள். அங்குள்ள நாணலும் கோரையும் ஆற்றோடு வரும் உரச்சத்தையும் அழுக்கையும் உறிஞ்சிக்கொள்ள, தெளிந்த நீர் ஏரிக்குப் போகிறது. பறவைகளும் வந்து தங்குகின்றன. அருமையான ஏற்பாடு!

பறவைக்கு இடம் கிடைத்தது, சரி. பால் வெட்டியவர்கள் எங்கே போனார்கள்?

தோட்டத்தில் வேலை இருக்கும் வரைதான் லயத்து வீடு. வேலை போனால் வீடும் போகும். பிராங் புசாரிலும் அக்கம்பக்கத் தோட்டங்களிலும் இருந்த குடும்பங்கள் டெங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு மாறின. தரை வீடு வேண்டும் என்று அவர்கள் ஆண்டுக்கணக்காகக் கேட்டார்கள். லயத்து வாசலில் முருங்கை இருந்தது, கோழி மேய்ந்தது, ஒரு வீட்டுச் சாவுக்கு எல்லா வீடும் கூடியது. மாடிப்படியில் இதையெல்லாம் எங்கே வைப்பது? ஓர் ஊர் அழகாகும்போது யாருக்காக அழகாகிறது, யார் இடம் பெயர்கிறார்கள் என்று சமூகவியல் அறிஞர்கள் கேட்பது இதனால்தான்.

நகரமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நம் பிள்ளைகள் மறுபடியும் பெரட்டுக்கு நிற்க வேண்டும் என்று யார் ஆசைப்படுவார்? நகரம் வரட்டும். ஆனால் சொந்த நிலம் இல்லாதவனுக்கு அதில் பங்கு கேட்பது கஷ்டம். தோட்டத் துண்டாடல் நடந்த காலத்தில் துன் சம்பந்தன் இதை உணர்ந்தே 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகப் பணம் கட்டித் தோட்டங்களை வாங்கினார்கள்.

நம் நெகிரி செம்பிலானிலும் நீலாயும் சிரம்பானும் வளர்ந்துகொண்டே வருகின்றன. கித்தா போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய்த் தாமான் வந்துவிட்டது. ஆனாலும் சுவா பெத்தோங், பிராட்வால், லாபு என்று தோட்டப் பெயர்களைத் தமிழ்ப்பள்ளிகள் தாங்கி நிற்கின்றன. பள்ளிப் பலகையில் உள்ள 'லாடாங்' என்ற சொல்லே ஒரு சரித்திர ஏடு.

மாணவமணிகளே! இந்த விடுமுறையில் ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். தாத்தா, பாட்டியிடம் தோட்டத்தின் பெயர், லயத்து நம்பர், கோவில் இருந்த இடம், ஊரை விட்டு வந்த ஆண்டு எல்லாவற்றையும் கேட்டு எழுதுங்கள். பெற்றோர்களே! பழைய சம்பளச் சீட்டையும் படங்களையும் வீசிவிடாதீர்கள். நாளைக்கு இங்கேயும் ஓர் ஏரியும் பூங்காவும் வரலாம். அங்கே படகு விட வருகிறவர்களிடம், "இது எங்கள் தோட்டம், இங்கே நாங்கள் இருந்தோம்" என்று சொல்ல நம் கையில் ஆதாரம் இருக்கட்டும்.

வாழ்க தமிழ்ப்பள்ளி! வளர்க நம் சமுதாயம்!