வூக்

வூக் என்பது செர்பியரிடமும் குரோஷியரிடமும் வழங்கும் ஆண்பெயர், பொருள் ஓநாய். பழைய சிலாவியச் சொல்லிலிருந்த லகரம் இவர்கள் மொழியில் உகரமாகத் திரிந்தது. ரஷ்ய மொழியில் அது இன்றும் 'வோல்க்'. சமஸ்கிருத 'விருக' என்பதும் இதே வேரின் கிளை. பீமனுக்கு வழங்கும் விருகோதரன் என்ற பெயருக்குள் இருப்பதும் இந்த ஓநாய்தான். வூக்கான், வூக்காஷின் போன்ற பெயர்களும் வூக்கொவிச் என்ற குடும்பப் பெயரும் இதிலிருந்து கிளைத்தவை.

இது காப்புப்பெயர் என்பதே பரவலான விளக்கம். பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில் சூனியக்காரிகள் அவற்றைத் தின்பதாகவும், ஓநாயை அவர்கள் தொடத் துணியமாட்டார்கள் என்றும் மக்கள் நம்பினார்கள். செர்பிய மொழியின் எழுத்தைச் சீர்திருத்திய வூக் கராஜிச் (1787–1864) தம் 1818ஆம் ஆண்டு அகராதியில் இதைப் பதிந்து, தமக்கும் இப்படித்தான் பெயரிட்டார்கள் என்கிறார். பெயரைச் சுமந்தவரே தரும் சான்று இது; ஐயப்பட இடமில்லை. ஆனால் அது 18ஆம் நூற்றாண்டுக் கிராம வழக்குக்குச் சான்று, பெயரின் தோற்றத்துக்கு அல்ல. 11ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே செர்பிய நாடான ராஷ்காவை ஆண்டவர் வூக்கான். 1371இல் உதுமானியருக்கு எதிரான மரிட்சா போரில் மடிந்த செர்பிய அரசர் வூக்காஷின். அரண்மனையிலும் பிள்ளைகள் இறந்தனவே, அச்சம் அங்கும் இருந்திருக்காதா என்று கேட்கலாம். இருந்திருக்கும். ஆயினும் செர்பியப் பிரபு வூக் பிராங்கோவிச்சின் (இறப்பு 1397) பெயர் அவருடைய கொள்ளுப்பேரன் வூக் கிர்குரேவிச்சுக்கு (இறப்பு 1485) மீண்டும் வந்ததைப் பார்க்கும்போது, அங்கே பெயரைத் தந்தது குலமரபு என்றே கொள்ளத் தோன்றுகிறது.

இதற்கும் ஒரு மறுப்பு உண்டு. உதுமானியருக்கு எதிரான கொசோவோ போரில் (1389) காட்டிக்கொடுத்தவர் என்று நாட்டுப்பாடல்கள் பழிக்கும் அந்த முன்னோரின் பெயரை எந்தக் குடும்பம் விரும்பிச் சூட்டும்? ஆனால் துரோகி என்று அவரை முதலில் வெளிப்படையாகப் பெயர் சொல்லிக் குற்றஞ்சாட்டியது வரலாற்றாசிரியர் மாவ்ரோ ஓர்பினி 1601இல் வெளியிட்ட நூல். அதற்குள் கொள்ளுப்பேரன் இறந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் கடந்திருந்தது. உண்மையில் பிராங்கோவிச் போருக்குப் பிறகும் உதுமானியருக்கு எளிதில் பணியாமல் நின்று, அவர்கள் சிறையிலேயே இறந்தவர். அவர் மீதான பழியை வரலாறாக எடுத்துக்கொள்வது பெரும் அநீதி. குரோஷியப் பிரபுக்களிடம் இப்பெயர் வேறொரு வழியிலும் நிலைத்தது: கார்லொவாட்ஸின் தளபதியாக இருந்த வூக் கிர்ஸ்தோ பிராங்கொபான் (இறப்பு 1652) வோல்ஃப்காங் என்றும் அறியப்பட்டார். ஜெர்மன் பெயருக்கு உள்ளூர் இணையாக வூக் அங்கே பயன்பட்டது. சூனியக்காரிகளுக்கு அதில் வேலையில்லை.