செம்புராங்கல்

செம்புராங்கல் என்பது வெப்பமண்டலத்தில், கனமழையும் வறட்சியும் மாறிமாறி வரும் இடங்களில், பாறை நெடுங்காலம் சிதைந்து இரும்பும் அலுமினியமும் மிஞ்சி நின்ற படிவு. அறிவியல் நூல்கள் இதை லேட்டரைட் என்கின்றன. கேரளத்தில் இது வெட்டுகல், இலங்கையின் தென்மேற்கில் கபொக். நிலத்தடியில் ஈரத்தோடு இருக்கும்போது கோடாலியால் செதுக்கி எடுக்கலாம். வெளியே எடுத்துக் காயவிட்டால் சுவர் எழுப்பும் அளவுக்கு இறுகிவிடும். மண், பாறை என்று நாம் இரண்டாகப் பிரித்து வைத்திருப்பவை ஒரே மாற்றத்தின் வெவ்வேறு கட்டங்கள் என்பதை இதைப்போல் கண்முன் காட்டும் பொருள் வேறு இல்லை. இதை எந்த வகையில் சேர்ப்பது என்ற வழக்கு 200 ஆண்டுகளைக் கடந்தும் தொடர்வதற்குக் காரணமும் அதுவே.

உருவாகும் விதம்

மலபாரின் இடைநாட்டுக் குன்றுகளில் இதன் தாய்ப்பாறை பெரும்பாலும் சார்னோகைட் அல்லது நைஸ். மகாராஷ்டிரத்தில் எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட். தாய்ப்பாறை எதுவானாலும் நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான். வேர்களும் மக்கும் இலைகளும் வெளியிடும் கரியமில வாயு மழைநீரில் கரைந்து அதை மென்மையான அமிலமாக்குகிறது. அந்த நீர் விரிசல்களில் இறங்கி, பாறையிலுள்ள பெல்ஸ்பார் கனிமத்தைத் தாக்குகிறது. சோடியம், பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம் ஆகியவை முதலில் கரைந்து போகின்றன. சிலிக்காவிலும் ஒரு பகுதி வெளியேற, கயோலினைட் என்ற வெண்களி எஞ்சுகிறது. மழையும் வடிகாலும் போதுமான அளவு இருந்தால் அந்தக் களியிலிருந்தும் சிலிக்கா கழன்று, அலுமினிய ஹைட்ராக்சைடான கிப்சைட் மிஞ்சும். அலுமினியத்தின் மூலமான பாக்சைட் இவ்வழியில் பிறப்பதே. சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் எடுத்து மேட்டூர் ஆலைக்கு அனுப்பப்பட்ட பாக்சைட் இப்படி உருவானதுதான்.

இரும்பின் கதை வேறு. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் உயர்ந்து காற்று புகாத நிலை வரும்போது இரும்பு கரைந்து நகர்கிறது. கோடையில் நீர்மட்டம் தாழ்ந்து காற்று நுழைந்ததும் ஆக்சிஜனேற்றம் அடைந்து கோதைட், ஹெமடைட் என்ற ஆக்சைடுகளாகப் படிகிறது. மீண்டும் மழை, மீண்டும் படிவு. எண்ணற்ற ஆண்டுகள் இது தொடர, இரும்புத் திட்டுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன. இடையிலிருந்த களி கழுவப்பட்ட இடமெல்லாம் துளைகளாகிறது.

மலபாரில் கிணறு வெட்டும்போது இந்த வரலாறு மேலிருந்து கீழாகத் தெரியும். மெல்லிய மேல்மண்ணுக்கு அடியில் இரும்பு மிகுந்த கடினமான ஓடு. அதன் கீழே வெட்டத்தக்க துளைக்கல். பிறகு சிவப்பும் மஞ்சளும் வெள்ளையும் திட்டுத்திட்டாகக் கலந்த களி, அதற்கும் கீழே இரும்பு நீங்கி வெளிறிய களி. இன்னும் இறங்கினால், தாய்ப்பாறையின் அடுக்குக்கோடுகள் அப்படியே இருந்தும் கையால் நசுக்கினால் பொடியாகும் அழுகற்பாறை; கடைசியில் கரும்பாறை. துளைகளின் வழியே மழைநீர் எளிதாக இறங்குவதால், காசர்கோடு பகுதியில் குன்றின் பக்கவாட்டில் கிடையாகக் குடைந்து நீர் எடுக்கிறார்கள். சுரங்கம் எனப்படும் இந்த நீர்வழிகள் அப்பகுதி மக்களின் நிலவியல் அறிவுக்கு அருமையான சான்று.

வகைப்பாடு

தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை என்ற பள்ளிப்பாட முப்பிரிவில் செம்புராங்கல் எதிலும் இயல்பாகப் பொருந்தாது. இருந்த இடத்திலேயே மிஞ்சிய எச்சப்படிவு என்று தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. அதிலும் இன்னொரு சிக்கல் உண்டு. மேட்டிலிருந்து உடைந்து அடித்துவரப்பட்ட செம்புராங்கல் உருண்டைகள் தாழ்நிலத்தில் சேர்ந்து மறுபடி இறுகுவதுண்டு; அவை இருந்த இடத்திலேயே மிஞ்சியவை அல்ல. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தது இத்தகைய சரளைப் படிவு கிடந்த குழியருகேதான்.

லேட்டரைட் என்ற பெயரை 1807இல் வெளியான தம் பயண நூலில் இட்டவர் பிரான்சிஸ் புக்கானன். திப்பு சுல்தானின் வீழ்ச்சிக்குப் பின் மைசூர், கன்னடம், மலபார் பகுதிகளை ஆராயக் கம்பெனி அரசு அவரை அனுப்பியது. மலப்புறம் மாவட்டத்து அங்காடிப்புறத்தில் மக்கள் இந்தக் கல்லை வெட்டிச் செங்கல்போல் பயன்படுத்துவதைக் கண்டு, செங்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பெயரை அமைத்தார். அந்த இடம் இன்று இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் தேசியப் புவியியல் சின்னம். வெட்டினால் மென்மை, காய்ந்தால் கடினம் என்பதே அவருடைய அளவுகோல்.

வேதியியலாளர்களுக்கு அது போதவில்லை. 1927இல் மார்ட்டின், டாய்ன் இருவரும் களிப்பகுதியிலுள்ள சிலிக்கா, அலுமினா மூலக்கூறு விகிதத்தை அளவுகோலாக்கினர்: 1.33க்குக் கீழ் என்றால் லேட்டரைட், 1.33 முதல் 2 வரை லேட்டரைட் சார்ந்தது, அதற்கு மேல் இரண்டும் இல்லை. ஆனால் கயோலினைட்டின் விகிதமே 2. ஆகவே களி மிகுந்து இரும்பால் இறுகிய நல்ல கட்டடக்கல், இந்தக் கணக்கில் தன் பெயரையே இழக்க நேரிடும். ஆய்வகத்துக்கு வசதியான, வயலுக்கு ஒவ்வாத அளவுகோல் அது.

மண்ணியலாளர்கள் வேறு பக்கமிருந்து வந்தனர். 1883இல் ருசியக் கருமண் பற்றி எழுதிய தொக்குச்சாயெவ், மண்ணைப் பாறைத்தூள் என்று பாராமல் தனி இயற்கைப் பொருளாகக் கண்டார். 1941இல் ஹான்ஸ் ஜென்னி தட்பவெப்பம், உயிரினம், நிலவமைப்பு, தாய்ப்பொருள், காலம் என்ற ஐந்து காரணிகளின் விளைவே மண் என்று நிறுவினார். இந்த வழியில் 1975இல் வெளியான அமெரிக்க மண் வகைப்பாடு லேட்டரைட் என்ற பெயரைக் கைவிட்டு, முற்றிச் சிதைந்த வெப்பமண்டல மண்களை ஆக்சிசால் என்ற வரிசையில் வைத்தது. இறுகக்கூடிய இரும்புக் களிக்குப் பிளிந்தைட் என்று தனிப்பெயர் தந்தது. திரும்பத் திரும்ப நனைந்து காய்ந்தால் மீளாமல் இறுகுவது என்பதே அதன் இலக்கணம். மலபாரின் கல்வெட்டித் தொழிலாளிகள் அறிந்திருந்த, புக்கானன் குறித்துவைத்த அதே குணம் சுற்றிவந்து வகைப்பாட்டின் மையத்தில் அமர்ந்தது. அது சரியான முடிவு.

காடழித்தால் வெப்பமண்டல நிலமெல்லாம் கல்லாகிவிடும் என்று ஒரு காலத்தில் எழுந்த அச்சத்துக்கும் இந்தப் பிரிவினை விடை தந்தது. பிளிந்தைட் மேற்பரப்பை ஒட்டியிருக்கும் நிலம் வெப்பமண்டலத்தில் சிறு பங்கே. மற்றச் செம்மண்களின் உண்மையான குறை, சத்துகளைப் பிடித்துவைக்கும் திறன் குன்றியிருப்பதும், இடும் பாஸ்பரசை இரும்பு ஆக்சைடுகள் பற்றிக்கொள்வதும்தான். தொழுவுரம், தழையுரம், சுண்ணாம்பு ஆகியவற்றால் இதைப் பெரிதும் சரிசெய்யலாம். முந்திரி இத்தகைய மண்ணிலும் விளைகிறது.

கட்டடங்களில்

கேரளத்துப் பெருங்கற்காலக் குடைக்கல்கள், புதுக்கோட்டை வட்டாரத்து ஈமச்சின்னங்கள், கண்ணூர், பேக்கல் கோட்டைகள், கம்போடியாவில் அங்கோர் கோயில்களின் அடித்தளங்கள் ஆகியவற்றில் இந்தக் கல் உள்ளது. துளைகள் நீரை உறிஞ்சுவதால் சுண்ணாம்புப் பூச்சு இதற்கு நல்ல காப்பு. கோவாவின் பாம் ஜீசஸ் பசிலிக்காவில் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்தப் பூச்சை நீக்கிக் கல்லை வெளித்தெரிய விட்டார்கள். அன்றுமுதல் ஒவ்வொரு பருவமழையும் சுவரை அரிக்கிறது. மீண்டும் பூசவேண்டும் என்று பாதுகாப்பு வல்லுநர்கள் வலியுறுத்தி வருகின்றனர்.