கஹட்டகஹ காரீயமும் நம் கையிலுள்ள போனும்



2022 மார்ச் கடைசியை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. சார்ஜ் லைட் அணையும்வரை படித்து, மிச்சத்தை மெழுகுவர்த்தியில் முடித்த பிள்ளைகள் அடுத்த நாள் வகுப்புக்கு வந்தார்கள். அதில் ஒரு பிள்ளை கேட்டது: "சேர், பற்றரிக்குள்ள என்ன இருக்கு?"

"இலிதியம்" என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டோம். அது பாதிப் பதில்தான். போன் பற்றரியில் இலிதியத்தை விடப் பல மடங்கு நிறையில் இருப்பது காரீயம். சிங்களத்தில் மினிரன். பென்சிலுக்குள் இருக்கும் அதே கரி.

காரீயம் தாள்களை அடுக்கியது போன்ற படைகளால் ஆனது. சார்ஜ் ஏறும்போது இலிதியம் அயன்கள் அந்தப் படைகளுக்கு இடையில் போய்த் தங்கும். போனைப் பாவிக்கும்போது வெளியேறும். ஆறு காபன் அணுவுக்கு ஓர் இலிதியம், அதுதான் கணக்கு. இவ்வாறு போய்வர முடியும் என்பதை 1980களின் தொடக்கத்தில் பிரான்சில் ஆய்வு செய்து காட்டியவர் மொரோக்கோவின் பெஸ் நகரில் பிறந்த ரஷீத் யஸமி. 1991இல் சோனி நிறுவனம் இலிதியம் அயன் பற்றரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2019இல் குட்இனஃப், விட்டிங்ஹம், யோஷினோ மூவருக்கும் இரசாயனவியல் நோபல் பரிசு கிடைத்தது.

இனி நம் ஊர்ப் பக்கம் வருவோம். கலகெதரையால் குருநாகல் மாவட்டத்துக்குள் இறங்கினால் தொடங்கஸ்லந்தைப் பகுதியில் கஹட்டகஹ சுரங்கம். கேகாலை மாவட்டத்தில் போகல சுரங்கம். பாறைப் பிளவுகளில் நரம்பு போல ஓடும் இந்தக் காரீயத்தின் தூய்மை 95 சதவீதத்துக்கும் மேல். முதலாம் உலகப் போர்க் காலத்தில் உலோகம் உருக்கும் மூசைகளுக்காக இது கப்பல் கப்பலாகப் போனது. டி.எஸ். சேனநாயக்கவின் தகப்பனார் டொன் ஸ்பேட்டர் சேனநாயக்கவின் செல்வமும் இந்தக் கரியில் வந்ததுதான். 1971இல் சுரங்கங்கள் அரசுடைமையாயின.

தோண்டினோம், ஏற்றினோம், விற்றோம். அதே கரி இன்னொரு நாட்டில் பற்றரியானால், நாம் டொலர் கொடுத்து வாங்குகிறோம். அந்த டொலர் இல்லாமற்போனதால்தானே 2022இல் இருட்டில் இருந்தோம்?

ஆனால் இதை மாற்றும் வேலையும் நம் கண்டியிலேயே நடக்கிறது. ஹந்தானை வீதியில், 1981ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தில், பேராசிரியர் அத்துல விஜயசிங்க குழுவினர் இலங்கைக் காரீயத்தைத் தூய்மையாக்கி, அதன் மேற்பரப்பைப் பதப்படுத்திப் பற்றரிக்கு ஏற்றதாக்கும் ஆய்வுகளைச் செய்துள்ளனர். பேராதனைப் பல்கலைக்கழகப் பௌதிகவியல் துறையில் பேராசிரியர்கள் எம்.ஏ.கே.எல். திசாநாயக்க, எம்.ஏ. கரீம் போன்றோர் அயன் கடத்தும் திண்மங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். 2006 ஜூனில் இத்துறையின் பத்தாவது ஆசிய மாநாடே கண்டியில்தான் நடந்தது. அந்தக் கட்டுரைத் தொகுப்பின் பதிப்பாசிரியர்களில் கரீம் அவர்களும் ஒருவர்.

ஆய்வுகூடத்தில் வெற்றி பெற்றது தொழிற்சாலையாவதற்கு முதலீடும் வேண்டும், ஆட்களும் வேண்டும். முதலீடு நம் கையில் இல்லை. ஆட்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள்.

"இலங்கையின் கனியவளம்: காரீயம்" என்று ஒற்றை வரியில் பாடமாக்க வைத்தது ஆசிரியர்களாகிய நம் பிழை. சாதாரண தரம் முடித்த பிள்ளை "சயன்ஸ் செய்யப் போறேன்" என்றால், "டொக்டரா, இல்லாவிட்டால் கடையா?" என்று மட்டும் கேட்பது பெற்றோராகிய நம் பிழை. பௌதிகவியலும் இரசாயனவியலும் படித்த பிள்ளைக்கு ஹந்தானை மலையில் ஓர் ஆய்வுகூடம் இருக்கிறது. அந்தக் கதவு பஸ்ஸில் போகும் தூரத்தில்தான் என்பதை இன்றிரவு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.