பித்தன் பெயரில் ஒரு பத்திரம்

கடலூர் மாவட்டம் பண்ருட்டிப் பக்கம் மணம்தவிழ்ந்தபுத்தூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. கல்யாணம் நின்றுபோன புத்தூர் என்று அர்த்தம்! நின்றது சுந்தரரின் கல்யாணம். நிறுத்தியது ஒரு கிழவர் கொண்டுவந்த ஓலை.

'உன் பாட்டன் தலைமுறை தலைமுறையாக எனக்கு அடிமை என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். ஆகவே நீ என் அடிமை' என்றார் கிழவர். மாப்பிள்ளைக்குக் கோபம் வருமா, வராதா? 'நீர் என்ன பித்தரா?' என்று ஓலையைப் பிடுங்கிக் கிழித்தே போட்டுவிட்டார். கிழவர் அசரவில்லை. கிழிந்தது நகல்தானாம். மூல ஓலை அவரிடம் பத்திரமாக இருந்தது!

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடி, சிதம்பரம் ஆயிரங்கால் மண்டபத்தில் அரங்கேற்றியதாகச் சொல்லப்படும் பெரியபுராணத்தில் வரும் கதை இது. கிழவராக வந்தது சிவபெருமான் என்பது உங்களுக்குத் தெரியும். பக்தியைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு வழக்கை மட்டும் பாருங்கள். திருவெண்ணெய்நல்லூர் சபை, பாட்டன் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வரவழைத்து, எழுத்தை ஒப்பிட்டது. ஒத்துப்போனது. உள்ளும் புறமும் ஒத்து எழுதியதாகப் பாட்டனே ஓலையில் சொல்லியிருந்தார். யாருக்கு அடிமை? வெண்ணெய்நல்லூர்ப் பித்தனுக்கு! பத்திரம் செல்லும் என்று தீர்ப்பாகிவிட்டது.

எழுத்தைச் சோதித்தார்கள், சரி. மனசை?

1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டம் அதைக் கேட்கிறது. ஒப்பந்தம் செய்கிற நேரத்தில் விஷயம் புரிய வேண்டும், தன் லாப நஷ்டத்தை எடைபோடத் தெரிய வேண்டும். மனநலக் காப்பகத்தில் இருப்பவர்கூட, தெளிவாக இருக்கும் வேளையில் ஒப்பந்தம் செய்யலாம். நல்ல புத்திக்காரர் ஜுரத்தில் பிதற்றும்போது செய்தால் செல்லாது. ஆக, யாரோ கோபத்தில் 'பித்தன்' என்றதால் மட்டும் பத்திரம் செத்துவிடாது. (அடிமைப் பத்திரத்துக்கு உயிர் போனது அதற்கும் முன்பே, 1843-ம் வருடச் சட்டத்தால்.)

புராணத்தை விடுங்கள், கல்வெட்டுக்கு வருவோம். சிதம்பரத்துக்குத் தெற்கே, கொள்ளிடம் தாண்டிப் போனால் திருப்பாம்புரம். 1201-ல் பஞ்சம். ஒரு வேளாளரும் அவருடைய இரண்டு மகள்களும் அந்தக் கோயிலுக்கே அடிமையாக விலைபோனார்கள். புத்தி கெட்டா விற்றார்? விற்காவிட்டால் சாவு என்பது தெளிவாகப் புரிந்ததால்தான் விற்றார்!

புத்தித் தெளிவு மட்டும் போதாது என்பது இன்றைய சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது. வயது, நோய், மன வேதனை, உடல் வேதனை இவற்றால் புத்தி தளர்ந்தவரோடு ஒப்பந்தம் போட்டவரைச் சட்டத்தின் 16-வது பிரிவு சந்தேகத்தோடுதான் பார்க்கிறது. பேரம் அநியாயமாகத் தெரிந்தால், 'நான் நெருக்கவில்லை' என்று நிரூபிக்க வேண்டியவர் அவரே. பசி மட்டும் உடல் வேதனை இல்லையா, என்ன?

மூன்று பேருக்கும் சேர்த்து அன்று கிடைத்தது 110 காசு.