மாதக்கணக்கில் ஓடாத கார்: டேங்க்கில் கிடக்கும் பெட்ரோலை என்ன செய்வது?

படிப்புக்காக வெளிநாடு போய்த் திரும்பியிருக்கிறீர்கள். அல்லது தாத்தாவின் பழைய புரோட்டோன் சாகா வீட்டு வாசலில் சும்மாவே நிற்கிறது. பேட்டரியை மாற்றினால் ஓடிவிடும்னு நினைக்கிறீங்களா? சாவியைத் திருப்பும் முன் டேங்க்கைக் கவனிங்க.

பெட்ரோலும் கெட்டுப்போகும். எளிதில் ஆவியாகும் பகுதி முதலில் போய்விடும். மிச்சம் இருப்பது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல மெல்லப் பிசினாக மாறி, பம்ப்பையும் இன்ஜெக்டரையும் அடைத்துக்கொள்ளும். நம்ம ஊர் ஈரப்பதத்தில் டேங்க்கின் அடியில் தண்ணீரும் சேரலாம். இரும்பு டேங்க் என்றால் துரு வேறு.

பொதுவாக 3 முதல் 6 மாதம் வரை பெரிய சிக்கல் இருக்காது. கொஞ்சமாகத்தான் இருக்கிறது என்றால் புதுப் பெட்ரோல் ஊற்றிக் கலந்துவிடலாம். ஆனால் மூடியைத் திறந்ததும் புளித்த, வார்னிஷ் போன்ற வாடை அடித்தால் மொத்தத்தையும் எடுத்துவிடுங்கள். 10 லிட்டர் ரோன்95-க்கு ஆகும் செலவு கொஞ்சம்தான். அதை மிச்சம் பிடிக்கப் பார்த்தால் பம்ப் செலவு பல மடங்கு ஆகும்.

எப்படி எடுப்பது? ரப்பர் குழாயை உள்ளே விட்டு வாயால் உறிஞ்சுவது பலருக்கும் பழக்கம். தயவுசெய்து வேண்டாம். வயிற்றுக்குள் போவதைவிட, சில துளி நுரையீரலுக்குள் போவதுதான் பெரிய ஆபத்து. அங்கே கடுமையான அழற்சி ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீங்க. வெளியே வரும்போதுதான் அது மூச்சுக்குழாயில் இறங்கும். உடனே 999-ஐ அழையுங்கள். இவ்வளவு ரிஸ்க் எடுத்தாலும், இப்போது வரும் பல கார்களில் குழாய் டேங்க் வரை போகவே போகாது; வழியிலேயே தடுப்பு இருக்கும்.

வீட்டிலிருக்கும் தண்ணீர் பம்ப்பும் கூடாது. மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் அளவிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை வெளியிடும் திரவம் பெட்ரோல். நம்ம வெயிலைக் கேட்கவே வேண்டாம். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து, சற்றுத் தள்ளி எரியும் கேஸ் அடுப்பு வரைகூடப் போகும்.

அதனால் இதைப் பட்டறையிடம் விடுவதே சரி. காரை ஓட்டிக்கொண்டு போகாதீங்க, இழுவை வண்டியில் அனுப்புங்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, பெட்ரோலுக்கென்றே செய்த பம்ப்பால் உறிஞ்சி, மூடியுள்ள உலோகக் கலனில் பிடிப்பார்கள். சில பழைய கார்களில் டேங்க்கின் அடியிலேயே வடிகால் திருகாணி இருக்கும். அப்போது வேலை சுலபம்.

எடுத்த பெட்ரோல் எங்கே போகிறது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். லோங்காங்கில் ஊற்றினால் நேரே ஆற்றுக்குத்தான் போகும், வழியில் ஒரு சிகரெட் துண்டு விழுந்தாலும் போதும். கழிவு எண்ணெயை உரிமம் பெற்ற சேகரிப்பாளரிடம் கொடுக்கும் பட்டறையாகப் பாருங்கள்.

பிறகு ஃபியூயல் ஃபில்டரை மாற்றி, புதுப் பெட்ரோல் ஊற்றியதும் உடனே ஸ்டார்ட் பண்ண வேண்டாம். இன்ஜெக்டர் உள்ள காராக இருந்தால், சாவியை 'ஆன்' நிலையில் சில விநாடி வைத்து அணையுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் பம்ப் பெட்ரோலை இன்ஜின் வரை கொண்டு வந்துவிடும்.