இதய மேலறைத் துளைக்கு அடைப்பானின் அளவைத் தேர்ந்த வரலாறு

இதயத்தின் இரு மேலறைகளுக்கும் நடுவே ஒரு மெல்லிய தடுப்புச் சுவர் உண்டு. சிலருக்குப் பிறவியிலேயே அதில் துளை இருக்கும். அந்தத் துளை வழியாக ஆக்சிஜன் நிறைந்த இரத்தம் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் கசிந்து, மறுபடியும் நுரையீரலுக்கே போகும். இதனால் வலப்பக்க அறைகள் விரிவடையும். வயது ஏற ஏற மூச்சிரைப்பும் துடிப்புக் கோளாறும் வரலாம்.

1952 செப்டம்பர் 2 அன்று அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜான் லூயிஸ் என்ற அறுவை மருத்துவர் ஐந்து வயதுச் சிறுமியின் உடலைக் குளிரவைத்து, இதயத்தைத் திறந்து இத்தகைய துளையைத் தைத்து மூடினார். துளையைக் கண்ணால் பார்த்துத் தைப்பதால் அறுவையில் அளவுக் கணக்கு பெரிய சிக்கலாக இருக்கவில்லை. மார்பைத் திறக்காமல், தொடைச் சிரை வழியாகக் கதீட்டர் என்னும் மெல்லிய குழாயைச் செலுத்தி மூட முனைந்தபோதுதான் அந்தச் சிக்கல் எழுந்தது. துடித்துக்கொண்டிருக்கும் இதயத்துக்குள், கண்ணுக்குத் தெரியாத ஒரு துளையின் விட்டத்தை எப்படி அறிவது?

இதற்கு முதல் விடை நியூ ஆர்லியன்ஸ் நகரிலிருந்து வந்தது. அங்கே டெர்ரி கிங், நோயல் மில்ஸ் என்ற இருவரும் 1975 ஏப்ரலில் 17 வயதுப் பெண்ணுக்கு, குடை போல விரியும் இரட்டைத் தகட்டைக் கொண்டு துளையை அடைத்தனர். கதீட்டர் நுனியிலுள்ள பலூனை இடது மேலறையில் ஊதி, துளை வழியே வலப்பக்கம் இழுப்பது அவர்களுடைய அளவு முறை. இறுக்கமாக உரசிக்கொண்டு வெளிவரும் பலூனின் விட்டமே துளையின் விட்டம் எனக் கொண்டனர். அந்தப் பெண்ணுக்கு 25 மி.மீ. வந்தது, 35 மி.மீ. குடையை வைத்தனர். குடையை ஏற்றிச் சென்ற குழாய் 23 பிரெஞ்சு அளவுடையது. மூன்று பிரெஞ்சு சேர்ந்தால் ஒரு மி.மீ. ஆகையால் குழாயின் பருமன் ஏழரை மி.மீ.க்கும் மேல்! சிரையை வெட்டித் திறந்துதான் நுழைக்க வேண்டியிருந்தது. முயன்ற பத்துப் பேரில் ஐவருக்கே குடை பொருந்தியது.

அடுத்துப் பேசப்பட்டது, பாஸ்டனில் ஜேம்ஸ் லாக் உருவாக்கிய சிப்பி வடிவ அடைப்பான். பலூன் காட்டும் விட்டத்தைப் போல 1.6 முதல் 2 மடங்கு வரை பெரிய அடைப்பானை எடுக்க வேண்டும் என்பது அதற்கான விதி. ஏன் இரண்டு மடங்கு என்பதை மாணவர்கள் தாளில் வரைந்தே பார்க்கலாம். இரு தகடுகளையும் இணைக்கும் தண்டு மெலிது. அது துளையின் நடுவில் நிற்கும் என்ற உறுதி இல்லை. 20 மி.மீ. துளையில் தண்டு ஓர் ஓரத்துக்கு நகர்ந்துவிட்டால், எதிர் ஓரம் 20 மி.மீ. தொலைவில் இருக்கும். தகட்டின் ஆரம் குறைந்தது அந்த அளவாவது இருந்தால்தான் துளை மூடும். அதாவது தகட்டின் விட்டம் 40 மி.மீ. இந்த விதியின் வேர் பள்ளி வடிவியல்தான். ஆனால் அந்த அடைப்பானின் உலோகக் கைகள் சில நோயாளிகளிடம் முறிந்தன. 1991இல் அதன் பயன்பாடு நிறுத்தப்பட்டது.

ஆஸ்திரியாவில் பிறந்து மினசோட்டாவில் பணியாற்றிய குர்ட் ஆம்ப்ளாட்ஸ் இந்தக் கணக்கையே மாற்றினார். அவரது அடைப்பான் நிட்டினால் கம்பியால் பின்னியது. நிக்கலும் டைட்டானியமும் கலந்த இந்த உலோகம், மடித்துக் குழாய்க்குள் திணித்தாலும் வெளியே வந்ததும் பழைய வடிவத்துக்குத் திரும்பும். அதன் இரு தகடுகளுக்கு நடுவே தடித்த இடுப்பு ஒன்று உண்டு. அந்த இடுப்பே துளையை நிறைப்பதால் அடைப்பான் தானாக நடுவில் நிற்கும். எனவே 'அளவு' என்றால் இனித் தகட்டின் அளவு அல்ல, இடுப்பின் அளவு. 4 மி.மீ. தொடங்கி 40 மி.மீ. வரை அளவுகள் வந்தன. 1990களின் பிற்பகுதியில் மனிதர்களுக்குப் பொருத்தத் தொடங்கினர். 2001 டிசம்பரில் அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்தது.

அன்றைய பெரிய அச்சம், சிறிய அடைப்பான் நழுவி இரத்த ஓட்டத்தில் போய்விடுமோ என்பது. ஆகவே பலூனால் துளையை நன்றாக விரித்து அளந்து, அதே அளவையோ ஒன்றிரண்டு மி.மீ. கூடுதலாகவோ எடுத்தனர். கூடுதலாக இருந்தால் பாதகமில்லை என்ற எண்ணம் இயல்பாகவே நிலவியது. ஆனால் துளையின் விளிம்பு நெகிழும் தசை. ரப்பர் வளையத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு அளந்தால் என்ன விடை வரும்? அளக்கும் கருவியே அளவைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தது.

அதன் விலை தாமதமாகத் தெரிந்தது. நலமாக வீடு திரும்பிய சிலருக்கு, அடைப்பானின் ஓரம் மேலறைச் சுவரையோ பெருந்தமனியையோ அரித்து, இதய உறைக்குள் இரத்தம் கசிந்தது. சாஹித் அமீன் முதலானோர் 2004இல் இத்தகைய 28 பேரின் விவரங்களை ஆராய்ந்து வெளியிட்டனர். அவர்களில் பெரும்பாலோருக்குப் பெருந்தமனிப் பக்கத்துத் துளை விளிம்பு குறைவாக இருந்தது. விரிக்காத துளையோடு ஒப்பிட்டால், பொருத்திய அடைப்பான்களும் மற்றவர்களுக்குப் பொருத்தியவற்றைவிடப் பெரியவை. ஆயிரத்தில் ஒருவர் முதல் மூவருக்கு நேரக்கூடியது என மதிப்பிடப்பட்ட இந்த ஆபத்தை, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு 2012 மே மாதம் தனியே கூடி விவாதித்தது. எண்ணிக்கை சிறிதுதான். ஆனால் பல ஆண்டுகள் தொல்லையின்றி வாழக்கூடிய இளம் வயதினருக்குச் செய்யும் சிகிச்சை இது என்பதால், அதைச் சிறிதென்று தள்ளிவிட முடியாது.

இதன்பின் அளக்கும் முறை மாறியது. பலூனைத் துளைக்குள் நிறுத்தி மெதுவாக ஊதுவார்கள். எக்கோ திரையில் துளை வழியே பாயும் இரத்தம் வண்ணமாகத் தெரியும். அந்த வண்ணம் மறையும் நொடியில் ஊதுவதை நிறுத்தி அளப்பார்கள். அதற்கு மேல் விரிப்பதில்லை. உணவுக்குழாய் வழி எக்கோவும் முப்பரிமாணப் படமும் துணைநிற்பதால், பலூனே இல்லாமல் அளக்கும் மருத்துவர்களும் உண்டு. பல துளைகள் வட்டமல்ல, நீள்வட்டம் என்பதையும் முப்பரிமாணப் படம் தெளிவாகக் காட்டுகிறது.

குழந்தைகளுக்கு இன்னொரு வரம்பும் உண்டு. 20 மி.மீ. ஆம்ப்ளாட்ஸ் அடைப்பானின் இடப்பக்கத் தகடு 34 மி.மீ. விட்டமுடையது. தடுப்புச் சுவரின் மொத்த நீளம் அதற்கு இடம் தராவிட்டால், துளைக்குப் பொருந்தும் அளவு இதயத்துக்குப் பொருந்தாது. அப்போது குழந்தை வளரும்வரை காத்திருப்பார்கள், அல்லது அறுவைக்கு அனுப்புவார்கள்.

2019இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற கோர் நிறுவனத்தின் அடைப்பான் வேறு வழியில் செல்கிறது. அதன் நடுப்பகுதி துளையின் வடிவத்துக்கேற்ப நெகிழ்வதால், 8 முதல் 35 மி.மீ. வரையுள்ள துளைகளுக்கு ஐந்தே அளவுகள் போதுமாகின்றன.